ஷாலோ காப்பி, டீப் காப்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிறு மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு நிரலெழுதச் சொல்லித் தருகிறேன். பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டினம், அந்தப் பக்கம் பாலக்கோடு, பென்னாகரம் என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். யார் வந்தாலும் சில வாரங்களில் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள்: "நகலைத்தானே மாற்றினேன், அசல் ஏன் மாறியது?" அந்த ஒரு சந்தேகம் எடுக்கும் பல வடிவங்களை, அவர்கள் கேட்டபடியே, கீழே தொகுத்திருக்கிறேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல்மொழியில். வேரியபிள் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை அப்படியே ஏற்கும். மொழியின் சொந்தச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அவற்றை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். அடிக்கடி வரப்போவது ஒரு மாங்காய் மண்டிக் கணக்கு. ஒவ்வொரு வரிசையிலும் ரகமும், வந்து இறங்கிய டன்னும்:

நேற்று = [['செந்தூரா', 12], ['பெங்களூரா', 30]]

"அண்ணா, 'இன்று = நேற்று' என்று போட்டாலே காப்பி ஆகிவிடாதா?"

ஆகாது. பைத்தானில் சமக்குறி எதையும் நகலெடுப்பதில்லை. வலப்பக்கம் இருக்கும் ஆப்ஜெக்டுக்கு (நினைவகத்தில் இருக்கும் பொருளுக்கு) இடப்பக்கம் உள்ள பெயரையும் சேர்த்துச் சூட்டுகிறது, அவ்வளவுதான். லிஸ்ட் (சதுர அடைப்புக்குள் உள்ள அந்தப் பட்டியல்) ஒன்று, பெயர் இரண்டு. இன்று.அப்பெண்ட்(['நீலம்', 5]) என்று ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டு 'நேற்று'வை அச்சிட்டுப் பாருங்கள், அங்கேயும் நீலம் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க 'இஸ்' என்ற சொல் உதவும். 'இன்று இஸ் நேற்று' என்று கேட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டினால் மட்டுமே ட்ரூ (ஆம்) வரும். இரட்டைச் சமக்குறி கேட்பது வேறு: உள்ளடக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தும் ஆப்ஜெக்ட் வேறாக இருக்கலாம். இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் கீழே உள்ள பதில்கள் பிடிபடும். இங்கேயே நின்று நாலைந்து முறை சோதித்துவிட்டு மேலே போங்கள்.

"எண்ணுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் மட்டும் அப்படி ஆவதில்லையே?"

அவற்றுக்கும் அதே விதிதான். அ = 5, ஆ = அ என்றால் இரண்டும் ஒரே 5-ஐத்தான் சுட்டுகின்றன. ஆனால் 5 என்ற ஆப்ஜெக்டை உள்ளே கைவைத்து மாற்ற வழியே இல்லை. ஆ = ஆ + 1 என்று எழுதும்போது 6 என்ற வேறொரு ஆப்ஜெக்டுக்கு 'ஆ' என்ற பெயர் போய்விடுகிறது; 'அ' பழைய 5-இலேயே இருக்கிறது. எண், ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் எழுதும் எழுத்துத்தொடர்), பூலியன் (ஆம்/இல்லை மதிப்பு) எல்லாம் இந்த வகை. மாற்ற முடியாததைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

லிஸ்ட், டிக்ஷனரி (சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் தொகுப்பு), செட், நீங்கள் எழுதும் கிளாஸின் (ஆப்ஜெக்ட்களுக்கான வார்ப்பின்) ஆப்ஜெக்ட்கள் ஆகியவை மாறக்கூடியவை. தொல்லை எல்லாம் இவற்றில்தான். ஒரு நுணுக்கமும் உண்டு: லிஸ்டில் ஆ = ஆ + [7] என்றால் புதிய லிஸ்ட் பிறக்கிறது; ஆ += [7] என்றால் பழைய லிஸ்டே நீள்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு வரிகள், அசலுக்குச் செய்வது மட்டும் வேறு வேறு.

"ஷாலோ என்றால் என்ன, டீப் என்றால் என்ன? சுருக்கமா சொல்லுங்கண்ணா"

ஷாலோ காப்பி வெளி ஆப்ஜெக்டை மட்டும் புதிதாகச் செய்யும். உள்ளே இருப்பவை பழையவையே. டீப் காப்பி உள்ளே இருப்பவற்றையும், அவற்றுக்குள்ளே இருப்பவற்றையும் அடிவரை புதிதாகச் செய்யும்.

பட்டாவை ஜெராக்ஸ் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காகிதம் இரண்டாகிவிட்டது, ஒன்றில் கிறுக்கினால் மற்றதில் தெரியாது. ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே சர்வே எண். எந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு போய் மரத்தை வெட்டினாலும் வெட்டுப்படுவது ஒரே தோட்டம்தான். லிஸ்டுக்குள்ளும் ஆப்ஜெக்ட் நேரடியாக இருப்பதில்லை. ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கிறது. அதைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறோம். ஷாலோ காப்பி பிரதி எடுப்பது இந்த ரெஃபரன்ஸ்களை.

"[:] போட்டு லிஸ்டை வெட்டி எடுத்தால் அது டீப் காப்பி இல்லையா?"

இல்லை, ஷாலோதான். லிஸ்ட்(நேற்று), நேற்று.காப்பி(), காப்பி மாட்யூலில் உள்ள காப்பி.காப்பி(நேற்று), டிக்ஷனரியின் .காப்பி(), டிக்ட்() எல்லாமே ஷாலோ. பைத்தானின் அடிப்படைக் கருவிகளில் டீப் காப்பி எடுப்பது காப்பி.டீப்காப்பி() ஒன்றுதான். எழுதும் விதம் மாறினால் ஆழம் மாறிவிடும் என்று நம்பாதீர்கள்.

"நகலை மாற்றினால் சில நேரம் அசலும் மாறுது, சில நேரம் மாறல. பைத்தானில் ஏதாவது பிழையா?"

பிழை இல்லை. நீங்கள் இரண்டு வேறு வேலைகளை ஒரே பெயரில் 'மாற்றம்' என்கிறீர்கள். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இன்று = நேற்று[:] என்று ஷாலோ காப்பி எடுத்தாயிற்று. இப்போது இன்று[0] = ['நீலம்', 9] என்று எழுதுகிறீர்கள். 'இன்று' என்ற வெளி லிஸ்டின் முதல் கட்டத்தில் இருந்த ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறீர்கள். வெளி லிஸ்ட் உங்கள் சொந்த நகல், ஆகவே 'நேற்று' அசையாது. அங்கே செந்தூரா 12 டன் அப்படியே இருக்கும். அப்பெண்ட், பாப், சார்ட் போன்றவையும் வெளி லிஸ்டைத்தான் தொடுகின்றன. அவற்றாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து இன்று[1][1] = 45 என்று எழுதுகிறீர்கள். இந்த வரி முதலில் இன்று[1]-ஐத் தேடிப் போகிறது. அங்கே கிடைப்பது ['பெங்களூரா', 30] என்ற உள் லிஸ்ட். 'நேற்று'வின் இரண்டாவது கட்டமும் சுட்டுவது அதே உள் லிஸ்டை. அதற்குள் போய் 30-ஐ 45 ஆக்கினால், எந்தப் பெயர் வழியாகப் பார்த்தாலும் 45தான் தெரியும். நேற்றைய வரத்து மாறிவிட்டது என்று மண்டிக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு வரியைப் பார்த்ததும் இப்படிக் கேளுங்கள்: சமக்குறிக்கு இடப்பக்கம் கடைசியாக உள்ள சதுர அடைப்புக்கோ புள்ளிக்கோ முன்னால் இருக்கும் ஆப்ஜெக்ட் எது? மாற்றம் நடப்பது அந்த ஆப்ஜெக்டுக்குள். அது உங்கள் நகலுக்கு மட்டும் சொந்தமா, பகிர்ந்ததா என்று தெரிந்தால் விடை தெரிந்துவிடும். குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"என் டேட்டாவில் லிஸ்டுக்குள் லிஸ்ட் எல்லாம் இல்லை, சாதாரண டிக்ஷனரிதான். ஷாலோ போதும்தானே?"

மதிப்புகள் எல்லாம் எண்ணும் ஸ்ட்ரிங்குமாக இருந்தால் போதும். ஆனால் 'சாதாரண டிக்ஷனரி' என்று சொல்லப்படுவதில் பாதிக்குள் ஒரு லிஸ்ட் ஒளிந்திருக்கும். நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரிவுக்கு முந்தைய பட்டியலையும் பிந்தைய பட்டியலையும் இரண்டாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். வட்டங்கள் எல்லாவற்றையும் எழுதாமல் நாலு ஊரை மட்டும் எடுக்கிறேன்:

பழையது = {'தருமபுரி': ['அரூர்', 'பென்னாகரம்', 'ஓசூர்', 'ஊத்தங்கரை']}
புதியது = பழையது.காப்பி()
புதியது['கிருஷ்ணகிரி'] = ['ஓசூர்', 'ஊத்தங்கரை']
புதியது['தருமபுரி'].ரிமூவ்('ஓசூர்')
புதியது['தருமபுரி'].ரிமூவ்('ஊத்தங்கரை')

மூன்றாவது வரி வெளி டிக்ஷனரியில் புதிய சாவியைச் சேர்க்கிறது, அது 'புதியது'வில் மட்டும் நடக்கிறது. கடைசி இரண்டு வரிகள் தொடுவது பகிரப்பட்ட உள் லிஸ்டை. விளைவு: 'பழையது'வில் கிருஷ்ணகிரி என்ற சாவியும் இல்லை, தருமபுரியின் கீழ் ஓசூரும் இல்லை. 2004-க்கு முந்தைய பட்டியலில் ஓசூர் எந்த மாவட்டத்திலும் சேராத ஊராக ஆகிவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது. நிரல் அமைதியாக ஓடி முடியும். பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும் இந்த நிலைதான் முழுத் தவறைவிட ஆபத்து. சோதிப்பவர் 'புதியது'வை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுவார்.

இதைச் சரிசெய்ய டீப் காப்பி எடுக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, ரிமூவ் செய்யாமல் புதியது['தருமபுரி'] = ['அரூர்', 'பென்னாகரம்'] என்று புதிய லிஸ்டையே வைத்துவிடுவது. அப்போது ஷாலோ காப்பியே போதும், ஏனென்றால் பகிர்ந்த எதையும் நீங்கள் தொடவில்லை.

"[[0]*7]*3 என்று வார அட்டவணை போட்டேன். ஒரு கட்டத்தை மாற்றினால் மூன்று வரிசையும் மாறுதே?"

காப்பி என்ற சொல்லே வராத இடத்தில் வரும் அதே சிக்கல். உள்ளே [0]*7 ஒரே ஒரு லிஸ்டைச் செய்கிறது. வெளியே உள்ள *3, அந்த ஒரே லிஸ்டின் ரெஃபரன்ஸை மூன்று முறை அடுக்குகிறது. உள்ளே உள்ள *7 தொல்லை தராததற்குக் காரணம், சுழியம் மாற்ற முடியாத ஆப்ஜெக்ட். வரிசைகளை லூப் வைத்தோ லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் (லூப்பை லிஸ்டுக்குள் ஒரே வரியில் எழுதும் முறை) வைத்தோ ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யுங்கள்.

"ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது பைத்தான் தானாகவே காப்பி எடுத்துக்கொள்ளுமா?"

எடுக்காது. அனுப்புவதும் ஒருவகைப் பெயர்சூட்டல்தான். முதல் கேள்விக்குச் சொன்னது அப்படியே பொருந்தும். ஃபங்ஷனுக்குள் அப்பெண்ட் செய்தால் அழைத்தவரின் லிஸ்ட் நீளும். அதனால், வாங்கிய லிஸ்டை மாற்றப்போகிற ஃபங்ஷன் ஒன்று அதைப் பெயரிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நுழைந்ததும் தன் நகலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று: அளவுருவுக்கு இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்டைக் கொடுப்பது. அந்த லிஸ்ட் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே முறைதான் பிறக்கிறது. எல்லா அழைப்புகளும் அதையே பகிர்கின்றன. முதல் லாரிக்குப் போட்ட வரிசை இரண்டாவது லாரியின் கணக்கிலும் வந்து நிற்கும். இயல்பு மதிப்பாக 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் பைத்தான் சொல்) கொடுத்துவிட்டு, உள்ளே புதிய லிஸ்ட் செய்யுங்கள்.

"இவ்வளவு தொல்லை எதுக்கு? எப்போதும் டீப் காப்பியே எடுத்துட்டா முடிஞ்சுதே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுத நினைத்தேன். நேரமும் நினைவகமும் அதிகம் பிடிக்கும் என்பது ஒரு பதில், உண்மையும்கூட. பெரிய டேட்டாவை லூப்புக்குள் டீப் காப்பி எடுத்தால் நிரல் ஊர்ந்து போகும். ஆனால் என் முதல் ஆட்சேபணை வேகம் அல்ல. டீப் காப்பி பல நேரம் தவறான விடையைத் தரும்.

மண்டியில் ஒரு லோடு ஆப்ஜெக்ட் இருக்கிறது: ரகம், டன், கொண்டுவந்த தோட்டக்காரர். தோட்டக்காரர் தனி ஆப்ஜெக்ட். அவருடைய ஊர், மண்டி கொடுத்த அட்வான்ஸ், மீதிப் பாக்கி எல்லாம் அதில். போச்சம்பள்ளித் தோட்டக்காரர் ஒருவர் நேற்றுக் கொண்டுவந்தது போலவே இன்றும் ஒரு லோடு கொண்டுவருகிறார். பழைய லோடை நகலெடுத்து டன்னை மட்டும் மாற்றுவது வசதி. டீப் காப்பி எடுத்தால் தோட்டக்காரரும் இரண்டாகிவிடுவார். இன்றைய லோடுக்கான பணத்தில் அட்வான்ஸைக் கழித்தால் புதிய ஆளின் பாக்கி குறையும்; உண்மையான ஆளின் பாக்கி அப்படியே நிற்கும். இங்கே ஷாலோ காப்பிதான் சரி, ஏனென்றால் தோட்டக்காரர் லோடுக்குச் சொந்தமானவர் இல்லை. லோடு அவரைச் சுட்டுகிறது, அவ்வளவே. எடைச்சீட்டுகளின் லிஸ்ட் ஒன்று லோடுக்குள் இருந்தால் அது லோடுக்குச் சொந்தம்; அதற்குப் புதிய நகல் வேண்டும்.

ஆக, ஷாலோவா டீப்பா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: இந்த ஆப்ஜெக்டுக்குள் எது சொந்தம், எது பகிர்வு? சொந்தமானதை நகலெடு, பகிர்ந்ததைப் பகிர்ந்தபடியே விடு. நிஜ நிரல்களில் சரியான விடை பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். எந்த ஆழம் சரி என்பது மொழிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். 1980களில் வெளிவந்த ஸ்மால்டாக்-80 மொழியிலேயே ஷாலோ காப்பி, டீப் காப்பி இரண்டும் தனித்தனிப் பெயரோடு இருந்தன. அடைமொழி இல்லாமல் காப்பி என்றால் அங்கேயும் ஷாலோதான்.

"அப்போ ஒரே தோட்டக்காரர் பத்து லோடில் இருந்தால், டீப் காப்பியில் பத்து பேர் ஆகிவிடுவாரா?"

எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லோடுகளின் லிஸ்ட் முழுவதையும் ஒரே அழைப்பில் காப்பி.டீப்காப்பி(லோடுகள்) என்று எடுத்தால் ஆகமாட்டார். டீப்காப்பி தன்னிடம் மெமோ என்று ஒரு டிக்ஷனரி வைத்துக்கொள்கிறது: எந்த ஆப்ஜெக்டை ஏற்கெனவே நகலெடுத்தேன், அதன் நகல் எது என்று. அதே தோட்டக்காரர் இரண்டாம் முறை வந்தால் புதிதாகச் செய்யாமல் முன்பு செய்த நகலையே கொடுக்கும். பத்து லோடு, ஒரு புதிய தோட்டக்காரர்.

லூப் போட்டு ஒவ்வொரு லோடாகத் தனித்தனியே டீப்காப்பி எடுத்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் மெமோ புதிது. பத்து தோட்டக்காரர்கள் பிறப்பார்கள். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டு முறைக்கும் வேறுபாடே தெரியாது. 'இஸ்' வைத்துச் சோதித்தால்தான் தெரியும்.

"தோட்டக்காரருக்குள் லோடு லிஸ்டும், லோடுக்குள் தோட்டக்காரரும் இருந்தால் முடிவே இல்லாமல் சுத்தாதா?"

அதே மெமோ காப்பாற்றும். திரும்பி வந்ததும் 'இவரை ஏற்கெனவே பார்த்தேன்' என்று நிறுத்திக்கொள்ளும். நீங்களே ஒரு டீப் காப்பி ஃபங்ஷன் எழுதினால் இதை மறக்காதீர்கள். வட்டம் போடும் டேட்டாவில் மெமோ இல்லாத ரிகர்ஷன் (தன்னையே திரும்ப அழைக்கும் ஃபங்ஷன்) முடிவுக்கு வராது.

வட்டம் இல்லாமலேயே இன்னொரு எல்லை உண்டு. டீப்காப்பி உள்ளே உள்ளே தன்னையே அழைத்து வேலை செய்கிறது. பைத்தானில் அழைப்பு ஆழத்தின் இயல்பு வரம்பு 1000. ஆயிரக்கணக்கான கணுக்கள் உள்ள லிங்க்டு லிஸ்டை (ஒவ்வொரு கணுவும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலியை) டீப்காப்பிக்குக் கொடுத்தால் ரிகர்ஷன் எரர் வரும். அங்கே லூப் வைத்துக் கணுக்கணுவாக நீங்களே நகலெடுப்பதுதான் வழி.

"டீப்காப்பி போட்டால் 'பிக்கிள் செய்ய முடியாது' என்று எரர் வருது. நான் பிக்கிளே பண்ணலையே?"

பிக்கிள் என்பது ஆப்ஜெக்டைச் சேமிக்கும் வடிவமாக மாற்றும் பைத்தான் மாட்யூல். ஆப்ஜெக்டை எப்படிப் பிரித்துத் திரும்பக் கட்டுவது என்பதற்கு டீப்காப்பியும் பிக்கிளும் ஒரே ஏற்பாட்டைப் பயன்படுத்துகின்றன, அதனால் அந்தச் சொல் எட்டிப் பார்க்கிறது. உங்கள் ஆப்ஜெக்டுக்குள் எங்கோ ஒரு திறந்த ஃபைலோ, த்ரெட் லாக்கோ, சாக்கெட்டோ, டேட்டாபேஸ் இணைப்போ இருக்கிறது. அவற்றுக்கு நகல் என்ற பொருளே கிடையாது.

தீர்வு, உங்கள் கிளாஸில் டீப்காப்பி என்ற மெத்தடை, பெயருக்கு இருபுறமும் இரட்டை அடிக்கோடு வைத்து, நீங்களே எழுதுவது. சொந்தமானவற்றை நகலெடுத்து, இணைப்பை மட்டும் அப்படியே கைமாற்றிக் கொடுங்கள். அந்த மெத்தடுக்கு மெமோவும் வந்து சேரும். உள்ளே டீப்காப்பியை அழைக்கும்போது மறக்காமல் அதைக் கடத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன பத்து தோட்டக்காரர் கதை உங்கள் கிளாஸுக்குள் தொடங்கிவிடும்.

"டீப் காப்பி எடுத்தும் இரண்டு ஆப்ஜெக்டும் ஒரே லிஸ்டைப் பகிருதே. இது எப்படி?"

அந்த லிஸ்ட் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கிளாஸின் உடம்பில், இனிட்டுக்கு (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் மெத்தடுக்கு) வெளியே எழுதியிருந்தால் அது கிளாஸின் சொத்து. டீப்காப்பி நகலெடுப்பது அந்தத் தனி ஆப்ஜெக்டில் உள்ளவற்றை மட்டும். கிளாஸை அது தொடாது. கிளாஸ், ஃபங்ஷன் இரண்டையும் நகலெடுக்காமல் அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் அதன் வழக்கம்.

இதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்: நகலெடுக்கும்போது இனிட் ஓடாது. 'எத்தனை லோடு பதிவானது' என்று இனிட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தால், நகல்கள் அந்த எண்ணிக்கையில் சேராது.

"டியூப்பிளைத்தான் மாற்றவே முடியாதே. டியூப்பிளாகப் போட்டுவிட்டால் பத்திரம்தானே?"

டியூப்பிளின் (வளைந்த அடைப்புக்குள் எழுதும் தொகுப்பின்) கட்டங்களை மாற்ற முடியாது. கட்டத்தில் உள்ள லிஸ்டுக்குள் போய் மாற்றுவதை அது தடுக்காது. ('செந்தூரா', [4, 6]) என்பதில் அந்த உள் லிஸ்டுக்கு அப்பெண்ட் தாராளமாக வேலை செய்யும். ஃப்ரோஸன் டேட்டாகிளாஸுக்கும் (புலங்களை மாற்றவிடாத கிளாஸுக்கும்) இதே கதைதான்.

டியூப்பிளை ஷாலோ காப்பி எடுத்தால் பைத்தான் அதே டியூப்பிளைத் திருப்பிக் கொடுக்கும். டீப் காப்பியும், உள்ளே மாறக்கூடியது எதுவும் இல்லாவிட்டால், அதையேதான் கொடுக்கும். 'டீப் காப்பி எடுத்தும் இஸ் ட்ரூ காட்டுது' என்று வருகிற சந்தேகத்துக்கு விடை இதுவே. அடிவரை மாற்ற முடியாத பொருளுக்கு இரண்டாவது பிரதி தேவைப்படாது.

"ஜாவாஸ்கிரிப்டில் மூன்று புள்ளி வைத்தால் போதுமா?"

மூன்று புள்ளி வைக்கும் ஸ்ப்ரெட், ஆப்ஜெக்ட்.அசைன், அர்ரேயின் ஸ்லைஸ் எல்லாம் ஒரே மட்டம்தான். மாவட்டப் பட்டியலை ஸ்ப்ரெட்டில் எடுத்தாலும் ஓசூர் அதேபோல் தொலைந்துதான் போகும்.

டீப் காப்பிக்குப் பலரும் ஜேசான் (டேட்டாவை எழுத்தாக எழுதும் வடிவம்) ஸ்ட்ரிங்காக மாற்றித் திரும்பப் பிரிக்கிறார்கள். அந்த வழியில் தேதி ஆப்ஜெக்ட் வெறும் ஸ்ட்ரிங்காகிவிடும், அன்டிஃபைன்டு (மதிப்பு வைக்கப்படாதது) மதிப்புள்ள சாவிகளும் ஃபங்ஷன்களும் காணாமல் போகும், 'நேன்' (எண் அல்லாதது) 'நல்' (வெற்று மதிப்பு) ஆகும், மேப் (சாவி-மதிப்புத் தொகுப்பு) வெற்று ஆப்ஜெக்டாகும், வட்டமான டேட்டா எரர் தரும். லோடு வந்த தேதியை வைத்திருக்கும் கணக்கில் இதைப் பயன்படுத்தவே கூடாது. இப்போது ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற ஃபங்ஷன் மொழிச்சூழலிலேயே இருக்கிறது. நோட்.ஜேஎஸ் 17 முதலும், 2022 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் உண்டு. தேதி, மேப், செட், வட்டம் எல்லாம் கையாளும். ஃபங்ஷன் உள்ளே இருந்தால் மறுத்துவிடும். கிளாஸ் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அதன் மெத்தடுகள் இல்லாத சாதாரண ஆப்ஜெக்டாகத் திரும்பும்.

"ரியாக்டில் ஸ்டேட்டை மாற்றினேன், கன்சோலில் மாறியிருக்கு, திரையில் மாறல"

ரியாக்ட் (திரையை வரைந்து காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பழைய ஸ்டேட்டும் (திரைக்குப் பின்னால் உள்ள டேட்டாவும்) புதிய ஸ்டேட்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கிறது, உள்ளே தோண்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் பழையதையே உள்ளே மாற்றித் திருப்பிக் கொடுத்தால் 'ஒன்றும் மாறவில்லை' என்று விட்டுவிடும். மாற்றம் நடக்கும் பாதையில் உள்ள ஒவ்வொரு மட்டத்துக்கும் புதிய ஆப்ஜெக்ட் செய்யுங்கள். பாதைக்கு வெளியே இருப்பவை பழையவையாகவே இருக்கட்டும். முழு டீப் காப்பி எடுத்தால் மாறாத பகுதிகளும் புதியவையாகத் தெரிந்து, தேவையில்லாமல் எல்லாம் மறுபடி வரையப்படும்.

"கேம்பஸ் இன்டர்வியூவில் ஜாவா குளோன் பற்றிக் கேட்கிறாங்க. என்ன சொல்றது?"

ஆப்ஜெக்ட் கிளாஸின் குளோன் மெத்தட் ஷாலோ. கிளாஸ் குளோனபிள் என்று அறிவிக்காவிட்டால் எக்ஸெப்ஷன் எறியும். இருபரிமாண அர்ரேயைக் குளோன் செய்தால் வரிசைகள் பகிரப்படும். காப்பி கன்ஸ்ட்ரக்டர் (பழைய ஆப்ஜெக்டை வாங்கிப் புதியதைக் கட்டும் மெத்தட்) எழுதுவதே தெளிவான வழி என்று சொல்லி, மேலே சொன்ன சொந்தம், பகிர்வு விளக்கத்தையும் ஒரு உதாரணத்தோடு சொல்லுங்கள். வரையறையை ஒப்பிப்பவர் பலர். எது எந்த ஆழம் என்று காரணத்தோடு சொல்பவரைத்தான் கேட்பவர் கவனிப்பார்.

சி++ கேட்டால்: நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் உறுப்புகள் ஒவ்வொன்றாக நகலாகும். உறுப்பு வெக்டராக (சி++-இன் லிஸ்ட்) இருந்தால் உள்ளடக்கமே நகலாகும். வெறும் பாயிண்டராக இருந்தால் முகவரி மட்டும் நகலாகும். டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் மெத்தட்) அந்த நினைவகத்தை டிலீட் செய்தால், இரண்டு ஆப்ஜெக்டும் ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிக்கும். பைத்தானில் தவறான எண் வருவதோடு போகும் தவறு, இங்கே நிரலையே சாய்க்கும். டிஸ்ட்ரக்டர், காப்பி கன்ஸ்ட்ரக்டர், காப்பி அசைன்மென்ட் மூன்றில் ஒன்று தேவைப்பட்டால் மூன்றும் தேவைப்படும் என்ற விதி இதிலிருந்து வந்ததுதான்.

"நம்பையில் ஸ்லைஸ் எடுத்தால் லிஸ்ட் மாதிரிதானே நகல் வரும்?"

நேர் எதிர். லிஸ்டை வெட்டினால் ஷாலோ நகல் வரும். நம்பை (எண் கணக்குகளுக்கான பைத்தான் நூலகம்) அர்ரேயைச் சாதாரண ஸ்லைஸால் வெட்டினால் வியூ வரும். அதாவது அதே நினைவகத்தை இன்னொரு சன்னல் வழியாகப் பார்ப்பது. அதில் மாற்றினால் அசல் எண்ணே மாறும். பூலியன் மாஸ்க்கோ (எதை எடுப்பது என்று ஆம்/இல்லை வரிசை) எண்களின் லிஸ்டோ கொடுத்து எடுத்தால் அப்போது நகல் வரும். பெரிய டேட்டாவை வீணாக இரட்டிப்பாக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தனி நகல் வேண்டுமென்றால் .காப்பி() என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தின் டேட்டாஃபிரேமில் (அட்டவணையில்) .காப்பி() இயல்பாகவே டீப் என்று சொல்லிக்கொள்ளும். ஆனால் ஒரு நெடுவரிசைக்குள் லிஸ்டோ டிக்ஷனரியோ வைத்திருந்தால் அவற்றை அது நகலெடுக்காது. ரெஃபரன்ஸ் மட்டும்தான் போகும். எடைச்சீட்டு லிஸ்டை ஒரே கட்டத்தில் திணித்து வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சீட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

"என் நகல் எந்த ஆழம்வரை தனியாக இருக்குன்னு எப்படிச் சோதிப்பது?"

மட்டம் மட்டமாக 'இஸ்' வையுங்கள். இன்று இஸ் நேற்று, இன்று[0] இஸ் நேற்று[0], அதற்கும் உள்ளே. எந்த மட்டத்தில் ட்ரூ வருகிறதோ அங்கிருந்து பகிர்வு. ஆனால் எண்ணிலும் ஸ்ட்ரிங்கிலும் ட்ரூ வந்தால் பயப்பட வேண்டாம், காரணம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

டெஸ்ட் எழுதும்போது நகலை மட்டும் சரிபார்த்து நிறுத்தாதீர்கள். நகலை மாற்றிய பிறகு அசலை ஒப்பிடுங்கள். ஒப்பிட வைத்திருக்கும் பழைய பிரதியை டீப்காப்பியால் எடுத்து வையுங்கள். அதையும் ஷாலோவாக எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே மாறி, டெஸ்ட் பச்சை காட்டும். பகிர வேண்டியதற்கும் ஒரு டெஸ்ட் வேண்டும்: புதிய லோடின் தோட்டக்காரரும் பழைய லோடின் தோட்டக்காரரும் 'இஸ்'-இல் ஒருவரே என்று. நாளைக்கு யாராவது அந்த வரியை டீப்காப்பியாக மாற்றினால் இந்த டெஸ்ட்தான் உடனே சிவப்பு காட்டும்.